கால் வேகம், கண் வேகம்: மிஸ் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். பையன் கராத்தே போகிறான், பெண் சிலம்பம் போகிறாள், வேகம் போதவில்லை, என்ன செய்யலாம்? சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படிக்கிற காலத்தில் கோ-கோ ஆட்டக்காரி. இப்போது சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் சாயங்காலம் சிலம்பம் சொல்லித் தருகிறேன். டாக்டர் இல்லை. வலி, வீக்கம் என்றால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

என் மகனுக்கு 7 வயது. கராத்தே சேர்த்துக் கொஞ்ச நாள் ஆகிறது. ‘கால் ஸ்லோ’ என்கிறார் மாஸ்டர். ஆன்லைனில் தரையில் விரிக்கிற ஏணி மாதிரி ஒரு லேடரும் கலர் கலராகக் கோனும் செட்டாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? எத்தனை நாளில் வேகம் வரும்?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

லேடர் கெட்டதில்லை. 7 வயதுக்கு அவசியமும் இல்லை. முதல் நாள் தடுமாறுவான், நாலாம் நாள் மனப்பாடமாகிவிடும், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆடிக் காட்டுவான். காலுக்குத் தாளம் பழகும், அந்த மட்டுக்கு லாபம். ஆனால் எதிரே நிற்கிற பிள்ளை எந்தப் பக்கம் வரும் என்று லேடர் சொல்லாது. களத்தில் வேகம் பாதி கண்ணில் இருக்கிறது. எதிராளியின் தோளும் இடுப்பும் அசைவதைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் என்று முடிவு பண்ண வேண்டும், அப்புறம்தான் கால். லேடரில் பிள்ளை குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

‘கால் ஸ்லோ’ என்று யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தால் நான் ஓடவிட்டுப் பார்ப்பதைவிட, நிற்கவிட்டுத்தான் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். (கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் வாசலிலேயே போடுங்கள்.) ஐந்து மீட்டர் தள்ளியிருந்து ஓடிவந்து கோட்டில் டக்கென்று நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அநேகமாக இரண்டு எட்டு தாண்டிப் போய்த்தான் நிற்பான். மார்பு முன்னால் சாயும், கை காற்றில் துழாவும், முட்டி விறைப்பாக இருக்கும், பாதம் தரையில் அறையும் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். நிற்கத் தெரிந்த பிள்ளை கோட்டுக்கு முன்னாலேயே எட்டைச் சின்னதாக்கிவிடும். இடுப்பு கொஞ்சம் இறங்கும், முட்டி மடங்கும், பாதம் சத்தமில்லாமல் பதியும். நின்ற மாத்திரத்தில் எந்தப் பக்கமும் கிளம்பத் தயாராக இருக்கும்.

திசை மாறுகிற எவரும் ஒரு கணம் நின்றுதான் மாற வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பையன் ஒரு தடுமாற்றம் தடுமாறினால், அதைத்தான் மாஸ்டர் ‘ஸ்லோ’ என்கிறார். ஓடும் வேகத்தில் குறை இருக்காது.

அப்புறம் அதே கோட்டுக்கு இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு கட்டம் போடுங்கள். அவன் ஓடிவருகிறபோது நீங்கள் எதிரே நின்று, அவன் கோட்டை மிதிக்கப்போகிற நேரம் பார்த்துக் கையைக் காட்டுங்கள். காட்டிய பக்கம் தாவ வேண்டும். இது பழகியதும் வாயால் ‘இடது’ என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் கை காட்டுங்கள். கைதான் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுவான். ஆறேழு தடவை போதும். அவன் ‘இன்னும் ஒண்ணு’ என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

கண்ணும் கையும் எப்படி என்று பார்க்க ஜியோமெட்ரி பாக்ஸ் 30 செ.மீ. ஸ்கேல் போதும். நீங்கள் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அவன் விரல்கள் தொடாமல் கீழ்நுனியில், பூஜ்யத்துக்கு நேராகத் திறந்திருக்கட்டும். சொல்லாமல் விடுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் அவன் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.2. இந்த வயதில் ஸ்கேல் முழுசாக நழுவிப் போவதும் சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. வளர வளர வேகம் தானாகவும் கூடும். இதை வைத்துப் பக்கத்து வீட்டுப் பையனோடு போட்டி மட்டும் வேண்டாம்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி சொல்கிற மாஸ்டர் யாராவது இருந்தால், அவர் ஃபீஸைத் தவணையில் கொடுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு 11 வயது, டேக்வாண்டோ கற்கிறாள். விடியற்காலையில் கணுக்காலில் அரை அரை கிலோ மணல் பை கட்டி மலை ரோட்டில் ஓடவிட்டு, பைக்கில் பின்னாலேயே போகிறேன். மலைக்காற்றில் ஓடினால் மூச்சும் வேகமும் சேர்ந்து கூடும் என்கிறார்களே?
– ஒரு தந்தை, ஏற்காடு

தம்பி, முதலில் அந்த மணல் பையை அவிழ்த்துப் போடுங்கள். கணுக்காலில் எடை கட்டினால் கால் வீசுகிற விதமே மாறிவிடும். வேகமாக உதைக்கப் பழக வேண்டிய பிள்ளை, மெதுவாகக் கனமாக உதைக்கப் பழகிவிடும். உதை முடிகிற இடத்தில் அந்த அரைக் கிலோ முட்டியையும் இடுப்பையும் வெடுக்கென்று இழுக்கும். 11 வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே இழுவை தினம் தினம் வேண்டாம்.

இரண்டாவது அந்த ரோடு. அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி வருகிற பஸ் தெரியாது. சனி ஞாயிறில் விடியும் முன்பே பைக் கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும். நீங்கள் பின்னால் போகிறீர்கள், எதிரே வருகிறவனை யார் பார்ப்பது? அங்கே ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

மலைக்காற்று சங்கதி ஊரெல்லாம் நம்புகிற ஒன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரத்தில் பயிற்சி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே போய், வாரக்கணக்கில் தங்குவார்கள். அதுவும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கூட்டத்தான். உதையின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் மகளுக்கு அது புதுசும் இல்லை.

மலையில் உங்களுக்குக் கிடைத்திருக்கிற நல்ல சாமான் காற்று இல்லை, சரிவு. எஸ்டேட்டுக்குள் வண்டி வராத மண் பாதை ஒன்று இருக்குமே, ரொம்பச் செங்குத்தாக இல்லாமல்? அதில் 10, 15 மீட்டர் மேல்நோக்கி ஒரே மூச்சில் ஓடட்டும். ஏற்றத்தில் உடம்பு தானாக முன்சாயும், பாதம் உடம்புக்கு அடியிலேயே பதியும், முழு பலத்தோடு தரையைத் தள்ளினால்தான் மேலே போக முடியும். சமதளத்தில் ஓடுவதைவிடப் பாதம் விழுகிற அதிர்ச்சியும் குறைவு. மேலே போனதும் நடந்தே இறங்கி வரட்டும். கீழே வந்து உங்களோடு சாதாரணமாகப் பேச முடிகிறவரை நிற்கட்டும். அப்புறம் அடுத்தது. ஐந்தாறு தடவை, வாரத்தில் இரண்டு நாள்.

இறங்கும்போது ஓடவிடாதீர்கள். இறக்கத்தில் ஒவ்வொரு எட்டிலும் தொடைதான் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது, மறுநாள் படியிறங்க முடியாமல் வலிக்கும். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையில் சில்வர் ஓக் இலை நனைந்து கிடந்தால் பெரியவர்களுக்கே வழுக்கும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மார்கழிக் குளிரில் கூடுதலாகப் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

மிஸ், நான் எட்டாம் வகுப்பு. போன வருஷ பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது. முன்பு கட்டா (தனியாக வரிசைப்படி செய்கிற அசைவுகள்) நன்றாகச் செய்வேன். இப்போது திரும்பும்போது தள்ளாடுகிறேன். குமிட்டேயில் (எதிராளியோடு மோதுகிற ஆட்டம்) என்னைவிடச் சின்னப் பையன்கள் பாயிண்ட் எடுக்கிறார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலிக்கிறது. நான் கராத்தேக்கு லாயக்கில்லையா?
– 13 வயது மாணவன், சூரமங்கலம்

கண்ணு, உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ வளர்கிறாய். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மளமளவென்று உயர்வார்கள், சிலருக்கு முன்னே பின்னே இருக்கும். அப்போது எலும்பு முந்திக்கொள்ளும், சதை பின்னால்தான் வந்து சேரும். உன் மூளை இன்னும் போன வருஷக் காலின் நீளத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் உதைக்கச் சொல்கிறது. கால் அதைவிட நீளம். அதனால்தான் தள்ளாட்டம். சில மாதம் போனால் கணக்கு நேராகிவிடும்.

அந்த வலிக்கு வருகிறேன். முட்டிச் சில்லுக்குக் கீழே, முன்எலும்பில் ஒரு மேடு, தொட்டால் வலி, குதித்தாலும் மண்டியிட்டாலும் கூடுதல் வலி. அப்படித்தானே? ஓடிக் குதித்து விளையாடுகிற, வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இது நிறைய வரும். தொடைச் சதையின் நாண் அந்த இடத்தில் இன்னும் கெட்டிப்படாத எலும்பைப் பிடித்து இழுப்பதால் வருவது. டாக்டர்கள் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். குதிகாலிலும் இதே மாதிரி ஒன்று வரும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதுதானா என்று எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீயும் நானும் முடிவு பண்ணக் கூடாது. நொண்டுகிற அளவு வலி, தூக்கத்தில் எழுப்புகிற வலி, முட்டி முழுக்க வீக்கம், காய்ச்சல், இதில் எது இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதே. அப்பாவிடம் இன்றைக்கே சொல்.

வலி இருக்கிற நாளில் குதிப்பதும், ரொம்பத் தாழ்ந்து நிற்கிற கிபா-டாச்சியும், மண்டி போடுவதும் வேண்டாம். மாஸ்டரிடம் வெளிப்படையாகச் சொல். வலியை மறைத்துப் பயிற்சி செய்கிறவன் வீரன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வை.

சும்மா உட்காரவும் வேண்டாம். கட்டாவைப் பாதி வேகத்தில் செய், ஒவ்வொரு திருப்பத்திலும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கவனித்துச் செய். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில், காலை வலது, ராத்திரி இடது. சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து ஒரு கையால் பிடி, நாளாக ஆகச் சுவருக்குக் கிட்டே போ. அப்புறம் ஒரு சங்கதியை யோசித்துப் பார். உன் கை இப்போது நீளம். அந்தச் சின்னப் பையன்கள் உன்னிடம் வந்து சேர ஒரு எட்டு கூடுதலாக வைக்க வேண்டும். முன்கையால் குத்துகிற கிசாமி ஸுக்கியை அந்த ஒரு எட்டுக்குள் போட்டுப் பழகு. பழைய தூரத்திலேயே நின்று சண்டை போட்டால், சின்னவன்தான் ஜெயிப்பான்.

எங்கள் காலத்தில் லேடர் ஏது, கோன் ஏது? வாத்தியார் கம்பைக் கொடுத்தார், ஆடினோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு சாமான், ஒரு ஃபீஸ். தேவையா இதெல்லாம்?
– ஒரு பெரியவர், குகை

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. மீதிப் பாதியையும் கேளுங்கள். உங்கள் வாத்தியாரிடம் நீங்கள் வந்து நின்றபோதே கால் தயாராக இருந்தது. பள்ளிவிட்டு வந்து இருட்டும்வரை நொண்டி, சடுகுடு, கிளித்தட்டு என்று ஆடிவிட்டு, மாமரத்தில் ஏறி இறங்கிவிட்டு அல்லவா கம்பைத் தொட்டீர்கள்? கிளித்தட்டில் கோட்டைக் காக்கிறவன் இடம் வலமாகப் பாய்கிறான், தாண்டுகிறவன் ஏமாற்றிப் பார்க்கிறான், ஒரு நொடி பிசகினால் முதுகில் அடி. அதைவிடச் சிறந்த கால் பயிற்சியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. கோ-கோவிலும் அப்படித்தான். எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், துரத்துகிறவள் வந்த வழியே திரும்ப முடியாது, ‘கோ’ என்றதும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து பாய வேண்டும். எனக்குச் சிலம்பத்தில் கால் வந்தது அங்கிருந்துதான்.

இன்றைய பிள்ளை ஸ்கூல் வேனில் உட்கார்ந்து போகிறது, உட்கார்ந்து படிக்கிறது, உட்கார்ந்து வருகிறது, டியூஷனில் மறுபடி உட்காருகிறது. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெரு கொடுத்ததை இப்போது மாஸ்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவர் அதற்கு ஒரு கோனை வைத்துக்கொள்கிறார். நீங்கள் ஒரு உபகாரம் பண்ணுங்கள். உங்கள் தெருவில் வண்டி வராத சந்தில் கிளித்தட்டுக்குக் கோடு கிழித்துக் கொடுங்கள். ஆட்டத்தின் சட்டம் தெரிந்தவர்கள் இப்போது உங்கள் வயதில்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வருடமாகக் கல்யாண மண்டபம் ஒன்றில் சிலம்பமும் கராத்தேயும் சொல்லித் தருகிறேன். 40 பிள்ளைகள், ஒரு மணி நேரம். கடைசி 15 நிமிடம் ஸ்பீடு பயிற்சி கொடுக்கிறேன், தாமதமாக வருகிறவர்களுக்கு 10 ரவுண்டு ஓட்டம். இருந்தும் போட்டியில் எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள்.
– ஒரு இளம் மாஸ்டர், ஓமலூர்

தம்பி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கடைசி 15 நிமிடம்! முக்கால் மணி நேரம் களைத்த காலை வைத்து என்ன வேகம் பழக முடியும்? களைத்த கால் மெதுவாகத்தான் போகும், மெதுவாகப் போவதைத்தான் அது பழகிக்கொள்ளும். உடம்பு சூடானவுடன் முதல் பத்து நிமிடத்தில் வேகத்தை வையுங்கள். கட்டா, கம்பு வரிசை, பலப் பயிற்சி எல்லாம் பின்னால் வரட்டும்.

முழு வேகம் என்பது ஐந்தாறு விநாடிச் சமாச்சாரம். அதற்கு மேல் போனால் வேகம் கழன்று மூச்சுப் பயிற்சியாகிவிடும். ஐந்து விநாடி முழு வேகத்தில் ஆடினால் முக்கால் நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுவார்கள், இருந்தாலும் கொடுங்கள். பெற்றோர் ஜன்னல் வழியாகப் பார்த்து ‘சும்மா நிற்க வைக்கிறாரே’ என்பார்கள். என்னிடமும் சொல்வார்கள். நிற்கட்டும்.

ஆனால் நீங்கள் 40 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஓடவிடுவீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அது ஓய்வில்லை, காத்துக்கிடப்பது. 20 ஜோடியாகப் பிரியுங்கள். பெல்ட் கலர் பார்த்துப் பிரிக்காமல் உயரம் பார்த்துப் பிரியுங்கள். பத்து ஜோடி ஆடட்டும், பத்து ஜோடி பார்க்கட்டும், மாறட்டும். ஆட்டம் இதுதான்: எதிரெதிரே இரண்டு கை தூரத்தில் நிற்க வேண்டும். ஒருவன் இடம், வலம், முன், பின் என்று இஷ்டப்படி நகர்வான், மற்றவன் அந்த தூரம் கூடாமல் குறையாமல் நிழலாகக் கூடவே போக வேண்டும். அப்புறம் எதிராளியின் முட்டியைத் தொடுகிற ஆட்டம். தொட்டால் ஒரு பாயிண்ட், தலை குனிந்து போனால் பாயிண்ட் இல்லை. சிலம்பப் பிள்ளைகளுக்குக் கம்புக்குப் பதில் ஸ்பாஞ்ச் சுற்றிய இலேசான பைப்பைக் கொடுத்து, தொட்டால் பாயிண்ட் என்கிற தொடுமுறை ஆடவிடுங்கள். அடி பயம் இல்லையென்றால் கால் திறந்துகொள்ளும்.

விசிலைக் கொஞ்சம் சட்டைப்பையில் போடுங்கள். எந்த எதிராளியும் விசில் அடித்துவிட்டு வருவதில்லை. ஒரு பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துத் தரையில் விடுங்கள், இரண்டாவது தடவை குதிப்பதற்குள் ஓடிப் பிடிக்க வேண்டும். முதலில் நேராக நின்று, அப்புறம் உட்கார்ந்து, குப்புறப் படுத்து. கண்ணால் பார்த்துக் கிளம்புகிற எதுவும் நல்லது.

தாவல் பயிற்சி கொடுப்பதாக இருந்தால், இறங்குவதை முதலில் சொல்லிக்கொடுங்கள். இறங்கியதும் இரண்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும், நிற்க முடியாதவன் இன்னும் உயரம் தாவக் கூடாது. மண்டபத்துத் தரை கிரானைட்டாகத்தான் இருக்கும். மேட் இல்லையென்றால் தாவலை மண் தரைக்கு மாற்றுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் காது சொல்லும். பாதச் சத்தம் கூட ஆரம்பித்தால் அன்றைக்கு வேகம் முடிந்தது.

இரண்டு விஷயத்தைக் கையோடு விட்டுவிடுங்கள். ஒன்று, தண்டனை ஓட்டம். ஓட்டத்தைத் தண்டனையாக வாங்கிய பிள்ளை ஓட்டத்தை விரும்பாது. தாமதமாக வருகிறவன் பெரும்பாலும் அம்மாவின் ஸ்கூட்டியில் வருகிறவன், அவன் என்ன செய்வான்? இரண்டாவது, ஆரம்பத்திலேயே கால் அகட்டி உட்காரவைத்து முதுகில் ஏறி அழுத்துவது. நீங்கள் செய்கிறீர்களா தெரியாது, ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த சதை உடனே வெடித்துக் கிளம்பாது. ஆரம்பத்தில் கால் வீசுவது, முட்டி தூக்கி நடப்பது, பக்கவாட்டு ஓட்டம் போதும். இழுத்துப் பிடிப்பதைக் கடைசியில், அவரவர் பலத்தில் செய்யட்டும். சித்திரை வெயிலில் வகுப்பை 6 மணிக்கு மேல் தள்ளுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர். கேட்டால்தான் என்று இல்லாமல், எல்லோருக்கும்.

என் மகள் 12 வயதில் பெரியவளாகிவிட்டாள். சிலம்பத்தை நிறுத்து என்கிறார் மாமியார். முன்பு மாதிரி வேகமும் இல்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறாள். நிறுத்திவிடவா?
– ஒரு அம்மா, செவ்வாய்ப்பேட்டை

நிறுத்தாதீர்கள். நிறுத்த உடம்பு சார்ந்த காரணம் எதுவும் இல்லை. அந்த நாட்களில் வயிற்று வலி அதிகமென்றால் ஓய்வு எடுக்கட்டும், இல்லையென்றால் ஆடட்டும். அவளே முடிவு பண்ணட்டும். மாமியாரிடம், டீச்சர்தான் விடமாட்டேன் என்கிறார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

சீக்கிரம் களைக்கிறாள் என்பதை மட்டும் விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை நிறைய இருக்கிறது, ‘சோம்பல்’ என்று திட்டு வாங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் காரணம்.

வீட்டில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒற்றைக் காலில் சின்னதாக ஒரு தாவல், அதே காலில் இறங்கி நிற்க வேண்டும். முட்டி உள்பக்கம், மற்றக் காலைப் பார்த்துச் சரிகிறதா என்று பாருங்கள். பெரியவளான பிறகு பெண் பிள்ளைகளுக்கு முட்டி இப்படி உள்ளே சரிவது அதிகம், முட்டித் தசைநார் கிழிவதும் பையன்களைவிட அதிகம். முட்டி பாதத்தின் நடுவிரலுக்கு நேராக வரும்படி இறங்கப் பழகட்டும். சரியாக வந்தால் அடுத்த எட்டும் தானாக வேகமாகும்.

9 வயது மகன். போட்டியில் ஒரு பிரிவு கீழே விளையாட 2 கிலோ குறைக்கச் சொல்கிறார்கள், அதுவும் இரண்டு வாரத்தில். தண்ணீரைக் குறைக்கலாமாம்.
– ஒரு தந்தை, கொண்டலாம்பட்டி

கூடாது. இருக்கிற எடையில் விளையாடட்டும், தோற்றால் தோற்கட்டும். 9 வயதில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறவரிடம் பிள்ளையை விடலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

சேலத்தில் என்ன வசதி இருக்கிறது? 10 வயதிலேயே சென்னையில் ஹாஸ்டலில் சேர்த்தால்தான் முன்னுக்கு வருவான் என்கிறார் நண்பர்.
– ஒரு வியாபாரி, ஐந்து ரோடு

பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார், அதற்கடுத்த டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி ஆடித்தான் இந்திய கிரிக்கெட் அணிக்குப் போனார். இரண்டும் நம் சேலம் மாவட்டத்து ஊர்கள். 10 வயதில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு காந்தி ஸ்டேடியத்தில் ஓடட்டும். 15, 16 வயதில் நிஜமாகவே தேவை வந்தால் அப்போது பேசலாம். அதுவரை ஒரே ஒரு கலையிலேயே கட்டிப்போடவும் வேண்டாம். ஃபுட்பால், நீச்சல், கபடி எல்லாம் கலந்து ஆடுகிற பிள்ளைக்குத்தான் உடம்பு பல தினுசாகத் திரும்பும்.

கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், எது பிள்ளைக்கு வேகம் கொடுக்கும்? பின்னால் வேலைக்கும் உதவ வேண்டும்.
– ஒரு அரசு ஊழியர், ஆத்தூர்

வேகத்தை எந்தக் கலையும் பெட்டியில் வைத்துக் கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்கிறவரைப் பார்த்துச் சேருங்கள். டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாக இருக்கிறது. கராத்தே டோக்கியோவில் மட்டும் இருந்தது, பாரிஸில் இல்லை. சிலம்பத்தைத் தமிழக அரசு, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்குப் பெரிய போட்டிகளில் பதக்கம் வேண்டும், தெருமுனைப் போட்டியின் கோப்பை செல்லாது. 8 வயதுப் பிள்ளையை வேலைக்காகக் கம்பு பிடிக்கவைத்தால் 12 வயதில் போட்டுவிட்டுப் போய்விடும்.

காலை 4.30க்கு எழுப்பி ஓடவிட்டால் நல்லதா? ராத்திரி டியூஷன் முடிந்து படுக்கப் பத்தாகிறது. களைப்புக்கு ஏதாவது பவுடர் கொடுக்கலாமா?
– 10 வயதுப் பையனின் அம்மா, அழகாபுரம்

கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரம்தான் தூங்குகிறான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9லிருந்து 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். அன்றைக்குப் பழகிய கால் வேலை மூளையில் படிவதே தூக்கத்தில்தான். அதை அறுத்துவிட்டுப் பவுடரில் என்ன தேடுகிறீர்கள்? எனர்ஜி ட்ரிங்க் எதுவும் கிட்டே வரவே கூடாது. முட்டை, பருப்பு, கடலை உருண்டை, ராகிக் களியோ கூழோ, மோர் போதும். காலை ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் சாயங்கால வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஆட்டம். டியூஷனை 8 மணிக்கு முடிக்கும்படி அந்த சாரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் வீடு இருக்கும்.